தராசு வீட்டுச் சாட்சி

அந்தத் தொகுதியில் யாரும் நிம்மதியாக ஜெயித்தது கிடையாது. ஆற்றின் மேல்கரையில் காகித ஆலையும் அதை நம்பிப் பிழைக்கிற குடியிருப்புகளும் இருந்தன. கீழ்கரை முழுக்க வயலும் தோட்டமும். மேல்கரை ஒரு கட்சி என்றால் கீழ்கரை இன்னொரு கட்சி. ஓட்டு எண்ணுகிற நாளில் கடைசிப் பெட்டியைத் திறக்கும்வரை இரண்டு பக்கமும் மாலையை வாங்கி வைத்துக்கொண்டு நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் மூன்று முறை தொடர்ந்து ஜெயித்து சட்டமன்றத்துக்குப் போனவர் அவர் ஒருவர்தான்.

அவரை எல்லோரும் தராசு என்றுதான் கூப்பிட்டார்கள். எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் மேடையில் நக்கலாக வைத்த பெயர். "இவருகிட்ட எதைக் கேட்டாலும் இந்தத் தட்டுல கொஞ்சம், அந்தத் தட்டுல கொஞ்சம்னு நிறுத்துக் குடுப்பாரு!" என்று சொல்லிவிட்டுப் போனார். கூட்டம் சிரித்தது. கேட்டவருக்கோ அந்தப் பெயர் பிடித்துப்போயிற்று. அரசியலுக்கு வருமுன் அவர் சர்வேயராக இருந்தவர். அண்ணன் தம்பி சண்டையில் நடுவில் நின்று சங்கிலி பிடித்து நிலத்தைப் பிரித்துக் கொடுத்தே தலை நரைத்துப்போனவர். "ரெண்டு பேரும் முணுமுணுத்துக்கிட்டே கையெழுத்துப் போட்டா அளவு சரியா இருக்குன்னு அர்த்தம்" என்பார்.

மனைவி டீச்சர். பாலத்தடியில் இருக்கிற நடுநிலைப் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தார். இரண்டு கரைப் பிள்ளைகளும் வந்து படிக்கிற ஒரே பள்ளி அது. ஊரில் பாதிப் பேருக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தவர் என்பதால் கணவரைவிட டீச்சருக்குத்தான் மரியாதை அதிகம். அது அவருக்கும் தெரியும். "எனக்கு விழுற ஓட்டுல பாதி டீச்சர் ஓட்டு" என்று அவரே சொல்லிச் சிரித்ததுண்டு.

காகித ஆலையின் கழிவு ஆற்றில் கலந்து கீழ்கரைக் கிணறுகள் பழுப்பு நிறமாகிவிட்டன. ஆலையை இழுத்து மூடு என்றது கீழ்கரை. மூடினால் எங்களுக்குச் சோறு யார் போடுவது என்றது மேல்கரை. அவருடைய கட்சியே மூடுகிற பக்கம்தான். ஆனாலும் அவர் சட்டமன்றத்தில் எழுந்து நின்று சொந்தக் கட்சியை எதிர்த்துப் பேசினார். மூட வேண்டாம், கழிவைச் சுத்திகரிக்கிற நிலையம் கட்டட்டும், கட்டி முடிகிறவரை பாதி இயந்திரங்கள் மட்டும் ஓடட்டும் என்றார். நாலு பேரிடம் பேசி, பத்துப் பேரிடம் கெஞ்சி, அதைச் சட்டமாகவும் ஆக்கிவிட்டார். இரண்டு கரையும் முணுமுணுத்தது. அளவு சரியாக இருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

பாதி இயந்திரம் நின்றதும் ஒப்பந்தத் தொழிலாளர்களைத்தான் முதலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்படி அனுப்பப்பட்டவர்களில் ஒருவன் ஒரு வெல்டர். கல்யாணமாகாத பையன். அவனுடைய அம்மா பள்ளிக்கு எதிர்ச் சந்தில் தையல் மெஷின் போட்டிருந்தார். டீச்சரும் அந்தத் தையல்காரம்மாவும் வருஷக்கணக்காகப் பழக்கம். மதிய இடைவேளையில் டீச்சர் போய் அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். ஒருவர் நோட்டைத் திருத்த, இன்னொருவர் காஜா எடுக்க, பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்.

அன்று பள்ளியில் பரிசளிப்பு விழா. முடிந்து இருவரும் காரில் திரும்பினார்கள். வேலை போனவர்கள் பாலத்து முனையில் உட்கார்ந்து கோஷம் போட்டுக்கொண்டிருந்ததால் வண்டி நின்றது. வெயில் இறங்கியிருக்கவில்லை. புழுக்கம் தாங்காமல் டீச்சர் கண்ணாடியை இறக்கிவிட்டிருந்தார். பின் சீட்டில் டீச்சருக்குப் பக்கத்தில் கணவர் போனில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கோஷம் கொஞ்சம் உரக்கக் கேட்டது. அடுத்த நொடி டீச்சர் "அம்மா" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அவர் திரும்பிப் பார்த்தபோது டீச்சரின் இடது கண்ணைப் பொத்தியிருந்த விரல்களுக்கு நடுவில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. மடியில் முட்டை அளவுக்கு ஒரு ஜல்லிக்கல்.

பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அறுவைச் சிகிச்சை முடிந்து வெளியே வந்த கண் டாக்டர் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு, "கண்ணை எடுக்காம காப்பாத்திட்டோம். ஆனா பார்வை வராது" என்றார். அவர் தலையை ஆட்டினார். எதற்கு ஆட்டினோம் என்று அவருக்கே தெரியவில்லை.

ஊர் அதற்குள் பற்றிக்கொண்டது. கீழ்கரை ஆட்கள் மேல்கரைக் கடைகளை அடித்து நொறுக்கினார்கள். பதிலுக்கு மேல்கரைக்காரர்கள் பாலத்தில் கட்டையைப் போட்டு மறித்தார்கள். பிரசவ வலி எடுத்த பெண் ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு பாலத்தின்மேல் நடந்தே கடக்க வேண்டியதாயிற்று. போலீஸ் கண்ணில் பட்டவர்களையெல்லாம் பிடித்து உள்ளே வைத்தது. ஆனால் கல்லை எறிந்தது யார் என்று சொல்ல ஒருவரும் இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவுக்குக் கட்சியின் மாவட்டச் செயலாளர் வந்தார். சுற்றி வளைக்காமல் பேசுகிற மனிதர்.

"அண்ணே, நடந்தது நடந்துபோச்சு. இனிமே ஆகறதைப் பாப்போம். கல்லெறிஞ்சவன் பக்கத்துல எதிர்க்கட்சி ஆலை யூனியன் தலைவர் நின்னு கை காட்டினாருன்னு டீச்சர் ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அவங்க கூடாரமே காலி. அடுத்த எலக்‌ஷன்ல நாம வீட்ல படுத்துக்கிட்டே ஜெயிக்கலாம்."

"அவரு அங்க நின்னாரா?"

"நின்னிருப்பாருண்ணே. நிக்காம எங்க போயிருப்பாரு?"

"பேசிப் பாக்கறேன்" என்றார் அவர். வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் அப்படிச் சொல்வது அவருக்கு வழக்கம்.

மறுநாள் காலை, துணி மாற்றிக்கொள்ள வீட்டுக்கு வந்தபோது தையல்காரம்மா கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். தோளில் நூல் துணுக்குகூட உதறப்படாமல் ஒட்டியிருந்தது. அவரைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"அண்ணே, எம் பையன் சாப்பிடவே மாட்டேங்கறான். சுவத்தைப் பாத்து உக்காந்திருக்கான். நான் எதையும் கேக்கல அவன்கிட்ட. கேட்டா சொல்லிடுவானோன்னு பயமா இருக்கு. டீச்சர் ஏதாச்சும் பாத்தாங்களாண்ணே?"

அவருக்குப் புரிந்துவிட்டது. "அழாதம்மா. நான் பாக்கறேன்" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அவர் கணக்குப் போட்டுக்கொண்டே போனார். வெல்டரின் பெயர் வந்தால் மேல்கரை கொதிக்கும். யூனியன் தலைவரின் பெயரை இழுக்காவிட்டால் சொந்தக் கட்சி முறைக்கும். யார் பெயரும் வராமல் போனால் கொஞ்ச நாளில் இரண்டு பக்கமும் ஆறிவிடும். பாலம் திறக்கும். பையனும் பிழைப்பான். எல்லோருக்கும் நல்லது. டீச்சருக்கு? டீச்சர் புரிந்துகொள்வார். எப்போதும் புரிந்துகொள்கிறவர்தானே.

டீச்சர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் பாதி கட்டு. ஜன்னல் பக்கம் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, நிதானமாக ஆரம்பித்தார். ஊர் நிலவரத்தைச் சொன்னார். பாலத்தைச் சொன்னார். பிரசவத்துக்குப் போன பெண்ணைச் சொன்னார். டீச்சர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"இன்ஸ்பெக்டர் சாயந்திரம் வர்றாரு. சரியாத் தெரியல, கூட்டமா இருந்துச்சுன்னு சொல்லிட்டா..." என்று நிறுத்தினார்.

"நான் பாத்தேங்க" என்றார் டீச்சர்.

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

அவர் ஸ்டூலைச் சற்றுப் பின்னால் நகர்த்தினார்.

"அவ வந்தாளா வீட்டுக்கு?"

"அழறா பாவம். ஒத்தைப் பிள்ளை. அவனும் வேணும்னு உன் மேல எறிஞ்சிருக்க மாட்டான். என் மேல உள்ள கோவம். வேலையைப் புடுங்கினது நான்தானே. ஊர் அமைதியா இருக்கணும்னா நாம கொஞ்சம் விட்டுக்குடுத்தா..."

டீச்சர் மெதுவாகத் திரும்பினார். இருந்த ஒரு கண்ணால் அவரை நேராகப் பார்க்க முழு முகத்தையும் திருப்ப வேண்டியிருந்தது.

"நிலத்துல பாதி பாதியாப் பிரிக்கலாங்க. எம் மூஞ்சியில பட்ட கல்லுல நீங்க யாருக்குப் பங்கு குடுக்கறீங்க?"

"அப்படி இல்ல..."

"இத்தனை வருஷமா நீங்க விட்டுக்குடுத்ததெல்லாம் யாரோடதுன்னு என்னைக்காவது யோசிச்சீங்களா? பாதி மெஷினை நிறுத்துனீங்க. நின்னது அவன் வேலை. கீழ்கரைக்கு இன்னும் ரெண்டு வருஷம் பொறுங்கன்னீங்க. குடிச்சது அவங்க தண்ணி. அதெல்லாம்கூட ஊர் விஷயம், உங்க உத்தியோகம். இது எங் கண்ணு. இதை விட்டுக்குடுக்கறதும் குடுக்காததும் நான் சொல்லணும்."

குரல் உயரவே இல்லை. வகுப்பில் கரும்பலகையைப் பார்த்தபடி பேசுகிற அதே குரல். அவர் ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்திருந்தார். எத்தனையோ கூட்டங்களில் செருப்பு வீச்சையும் வசவையும் வாங்கியவர். ஒன்றும் அவரை அசைத்ததில்லை. இப்போது எழுந்து போகவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

"நான் பொய் சொல்ல மாட்டேன். கூடவும் சொல்ல மாட்டேன், குறைச்சும் சொல்ல மாட்டேன். நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க. காலைல இருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க."

மாலை இன்ஸ்பெக்டர் வந்தார். டீச்சர் பார்த்ததைச் சொன்னார். இரவுக்குள் வெல்டரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பெயர் தெரிந்ததும் பொதுவாக எல்லோர் மேலும் இருந்த கோபம் ஒருவன் மேல் போய் நின்றது. கீழ்கரை ஓய்ந்தது. மேல்கரையும் கட்டையை எடுத்தது. அவர் பயந்ததில் பாதி நடக்கவில்லை. ஆனால் தையல்காரம்மாவின் மெஷின் சத்தம் மட்டும் நின்றுபோயிற்று.

வழக்கு விசாரணைக்கு வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குள் டீச்சர் பள்ளிக்குத் திரும்பியிருந்தார். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. டீ ஊற்றினால் தம்ளருக்குப் பக்கத்தில் மேஜையில் ஊற்றினார். மாடிப்படியில் கடைசிப் படி இருக்கிறதென்று நினைத்துக் காலை வைத்து இரண்டு தடவை தடுமாறினார். வீட்டில் டீ ஊற்றுகிற வேலையை அவர் எடுத்துக்கொண்டார். வெளியே நடக்கும்போது இடது பக்கமாகவே வந்தார். இருவருக்கும் நடுவில் பேச்சு இருந்தது. ஆனால் அந்த ஆஸ்பத்திரிப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

கோர்ட்டில் முதலில் அவரை விசாரித்தார்கள். போனில் பேசிக்கொண்டிருந்தேன், எதையும் பார்க்கவில்லை என்றார். அது உண்மை. சொல்லிவிட்டு இறங்கும்போது கூச்சமாக இருந்தது. பக்கத்தில் இருந்தும் பார்க்காதவர் என்று கோர்ட்டிலேயே பதிவாகிவிட்டதைப் போல.

அடுத்து டீச்சர் கூண்டில் ஏறினார். கடைசிப் பெஞ்சில் தையல்காரம்மா இருந்தார். எதிர்த் தரப்பு வக்கீல் மரியாதையாகத்தான் கேட்டார்.

"அம்மா, உங்களுக்குப் பார்வை பாதிக்கப்பட்டிருக்கு. கூட்டத்துல அவ்வளவு பேர் இருந்திருக்காங்க. இவர்தான்னு எப்படி உறுதியாச் சொல்றீங்க?"

"அப்போ எனக்கு ரெண்டு கண்ணும் இருந்துச்சுங்க" என்றார் டீச்சர்.

 அரசு வக்கீல் எழுந்தார். மாவட்டச் செயலாளர் முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அவர் பக்கத்துல நின்னு யாராவது தூண்டிவிட்டதைப் பாத்தீங்களா?"

"இல்லைங்க. அவன் தனியா நின்னான். கல்லு எறிஞ்சது அவன்தான். எறிஞ்சப்போ என்னைப் பாக்கல, முன் சீட்டுக் கண்ணாடியைப் பாத்தான். பட்டதும் அவன் உடனே ஓடல. எங்க வண்டியைப் பாத்து வந்தான், வாயைத் திறந்து என்னவோ சொல்ல வந்தான். பின்னாடி இருந்து யாரோ இழுத்தாங்க. அப்புறம்தான் ஓடினான். மூணாம் வகுப்புல என்கிட்ட படிச்சவன்ங்க அவன். தப்புப் பண்ணா ஓட மாட்டான், கையை நீட்டிக்கிட்டு நிப்பான். அன்னைக்குத்தான் ஓடினான்."

வெல்டர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தான். நீதிபதி ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டதும், வக்கீல் கையைப் பிடித்து அமர்த்தியும் கேட்காமல் எழுந்து, "நான்தாங்க. நான்தான்" என்றான். வேறொன்றும் சொல்ல வரவில்லை அவனுக்கு.

சிறைத் தண்டனை கிடைத்தது. டீச்சரின் சாட்சியத்தை எடுத்துக்காட்டி நீதிபதி அதைக் குறைத்தே கொடுத்தார். அதிகம் என்றது மேல்கரை. இதெல்லாம் ஒரு தண்டனையா என்றது கீழ்கரை. மாவட்டச் செயலாளர் கோர்ட் வாசலிலேயே வெடித்தார். "கைக்கு வந்ததைக் காலால தள்ளிட்டாங்களே டீச்சர்!"

தேர்தல் வந்தது. ஒரு நாள் காலை, டீச்சரைப் பள்ளிக்குக் கொண்டுவிடப் போனவர் மதில் சுவரைப் பார்த்து நின்றுவிட்டார். ஆஸ்பத்திரியில் யாரோ எடுத்த படம். பாதி முகத்தில் கட்டுடன் டீச்சர். கீழே சிவப்பு எழுத்தில், 'இந்தக் கண்ணுக்கு நியாயம் கேட்போம்.' பிள்ளைகள் அதைப் பார்ப்பதும் டீச்சரைப் பார்ப்பதுமாக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். டீச்சர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு பிள்ளைகளோடு உள்ளே போய்விட்டார்.

அவர் நேரே கட்சி அலுவலகத்துக்குப் போனார். செயலாளர் போஸ்டர் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் கிழிச்சிடு."

"என்னண்ணே சொல்றீங்க? இதை விட்டா நமக்கு வேற என்ன இருக்கு? ஆலை விஷயத்துல ரெண்டு பக்கமும் உங்க மேல கடுப்புல இருக்காங்க."

"கிழின்னு சொன்னேன்."

செயலாளர் அவரை நன்றாக அறிந்தவர். குரலை இறக்கினார். "சரிண்ணே, கோவப்படாதீங்க. பள்ளிக்கூடத்துப் பக்கம் வேணாம். மேல்கரையிலயும் வேணாம். கீழ்கரையில மட்டும் ஒட்டிக்கறோம். டீச்சர் அந்தப் பக்கம் போறதே இல்ல. அவங்களுக்கும் சங்கடமில்ல, நமக்கும் வேலை நடக்கும்."

நியாயமாகத்தான் பட்டது. அவர் வாழ்நாள் முழுக்கச் செய்துவந்த ஏற்பாடு அது. தலை தன்னால் ஆடப் பார்த்தது. அதை அவரே உணர்ந்து, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம். எங்கயும் ஒண்ணுகூட வேணாம்."

"தோத்துடுவோம்ணே."

"தோக்கலாம். அது எம் மூஞ்சியா இருந்தா ஊரெல்லாம் ஒட்டிக்கோன்னு சொல்லிடுவேன்."

அன்று பகல் முழுக்க அவரும் டிரைவரும் வாளியும் தேய்ப்பானுமாகச் சுவர் சுவராகப் போய்க் கிழித்தார்கள். வேடிக்கை பார்த்தவர்களில் சிலர் சிரித்தார்கள். பசை காயாதவை சுலபமாக வந்தன. பள்ளிச் சுவரில் இருந்தது மட்டும் பிடித்துக்கொண்டு, கட்டுப் போட்ட பாதி கடைசிவரை வரவில்லை. நகத்தால் சுரண்டி எடுத்தார்.

தோற்றார். வழக்கம்போலக் கடைசிப் பெட்டிவரை இழுத்தது. இந்தத் தடவை மாலை அடுத்த பக்கம் போயிற்று. ஆலைச் சட்டத்தைக் குப்பையில் போடுவேன் என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு ஜெயித்தவர், உள்ளே போனதும் அதைத் தொடவே இல்லை. சுத்திகரிப்பு நிலையம் கட்டி முடிந்தது. நின்ற இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன. திறப்பு விழா அழைப்பிதழில் அவர் பெயர் இல்லை. அதற்காக அவர் வருந்தியதாகத் தெரியவில்லை; பழையபடி யாராவது கூப்பிட்டால் எல்லை அளந்து கொடுக்கப் போனார்.

தண்டனை முடிந்து வெல்டர் வெளியே வந்தான். ஆலை அவனை எடுக்கவில்லை. பட்டறைகளில் அவன் பெயரைக் கேட்டதும் கைவிரித்தார்கள். ஒரு சனிக்கிழமை முற்பகலில் தையல்காரம்மா வீட்டுக்கு வந்தார். முன்னைக்கு இப்போது பாதியாக இளைத்திருந்தார்.

"அண்ணே, நீங்க ஒரு வார்த்தை சொன்னா யாராச்சும் வேலை குடுப்பாங்க. வேற யாருகிட்ட போய் நிப்பேன்?"

சரி என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். "இது நான் தனியா சொல்ற விஷயம் இல்லம்மா. டீச்சர் உள்ளதான் இருக்காங்க. அவங்ககிட்ட கேளு."

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.  கடை பெஞ்சில் இத்தனை வருஷம் 'நீ' என்றே பேசியவர் அன்று சொன்னார், "உக்காருங்க."

தையல்காரம்மாவுக்கு அந்த 'ங்க' உறைத்தது. உட்காரவில்லை. நின்றபடியே, "டீச்சர், அவன் உங்க காலைப் புடிக்கணும்கறான்..." என்றார்.

"வேண்டாம். வரவேண்டாம்." டீச்சர் கை துடைத்த துணியை மடித்தார். "எனக்கு இன்னும் கோவம் போகல. போகுமான்னும் தெரியல. போச்சுன்னு சும்மா சொல்ல எனக்கு வரல. அவன் பட்டினி கிடக்கணும்னு மட்டும் நான் நினைக்கல." பிறகு கணவர் பக்கம் முகத்தைத் திருப்பி, "விசாரிச்சுப் பாருங்க. ஆனா அவனை இந்த வீட்டுக்குக் கூட்டிட்டு வராதீங்க" என்றார்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு அப்போதே கிளம்பினார். பதவி போன மனிதரின் சிபாரிசுக்கு மதிப்பு எவ்வளவு என்று அன்றுதான் தெரிந்தது. ஒரு கடையில் நாற்காலிகூடப் போடவில்லை. கீழ்கரையில் ஒருவர், "உங்க வீட்டம்மா கண்ணைக் கெடுத்தவனுக்கு நீங்களே வேலை தேடறீங்களா? வெக்கமா இல்ல?" என்று முகத்துக்கு நேரே கேட்டார். "அவங்க சொல்லித்தான் வந்திருக்கேன்" என்றார் இவர். வெயில் சாய்கிற நேரத்துக்கு மோட்டார் பம்பு பழுது பார்க்கிறவர் ஒருவர் மட்டும், சரி வரச்சொல்லுங்க, வேலை சுத்தமா இருந்தா வெச்சுக்கறேன் என்றார். அந்தப் பட்டறை பள்ளிக்கூட வாசலுக்கு நேர் எதிரே இருந்தது.

வீட்டுக்கு வந்து மறைக்காமல் சொன்னார். "வேற எங்கயும் கிடைக்கல. உனக்கு வேணாம்னா இப்பவே போய் வேணாம்னுடறேன்."

டீச்சர் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். சிவப்புப் பேனா பக்கத்தின் நடுவில் நின்றது. பதிலுக்கு வெகுநேரம் ஆயிற்று. அவரும் அவசரப்படுத்தவில்லை. நடுவில் ஏதாவது சொல்லிச் சுலபமாக்கவும் இல்லை.

"காலைல நான் போற நேரத்துலயும் சாயந்திரம் வர்ற நேரத்துலயும் அவன் வாசல்ல நிக்கக் கூடாது. உள்ள வேலை பாக்கட்டும். அதை மட்டும் சொல்லிடுங்க."

"சொல்லிடறேன்" என்று அவர் திரும்ப வெளியே போனார்.